ஒரு வெடி வெடித்தால் போதுமா?



விருதுநகர் மாவட்டம் சிவகாசியில் தயாராகும் வெடி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பக் கூடாது. இது 1999-இல் வந்த மத்திய அரசு விதி. எப்படி அளப்பது என்பதையும் அதே விதி சொல்கிறது: குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் தரை வேண்டும்; 15 மீட்டருக்குள் ஒலியைத் திருப்பியனுப்பும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது. யார், எங்கே அளந்தாலும் விடை ஒத்துவர வேண்டும் என்பதற்கே இந்தக் கறார்.

ஆனாலும் ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு வெடிகள் ஒன்றுபோல் வெடிப்பதில்லை. மருந்தின் எடையோ, காகிதச் சுற்றின் இறுக்கமோ, ஈரப்பதமோ சற்று மாறும். 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் ஏறக்குறைய இரு மடங்கு! ஆகவே ஒரே ஒரு வெடியை வைத்து முடிவு சொல்ல முடியாது. 4 முறை அளந்து சராசரி எடுத்தால் தற்செயல் பிழை பாதியாகும். 100 முறை அளந்தால் பத்தில் ஒரு பங்காகும்.

கருவியே தப்பாகக் காட்டினால்? ஆயிரம் முறை அளந்தாலும் தப்புதான். வேறொருவர், வேறொரு கருவியில் அதே சோதனையைச் செய்து அதே விடையைப் பெறும்போதுதான் முடிவு உறுதியாகிறது.