சட்டக் கல்லூரியில் ‘சமரசம்’ கட்டாயப் பாடம்: படித்தால் சமரசர் ஆகிவிடலாமா?

சட்டம் படிக்கிற பிள்ளை நல்லா வாதாடணும் என்றுதான் வீட்டில் எதிர்பார்ப்பாங்க. ஆனால் வாதாடாமலே ஒரு தகராறை எப்படி முடிப்பது என்பதும் இன்று சட்டக் கல்லூரியில் கட்டாயப் பாடம்.

மாற்றுமுறைத் தீர்வு, சுருக்கமாக ஏ.டி.ஆர்., என்பது அதன் பெயர். நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் பிரச்சனையை முடிக்கும் வழிகள் எல்லாம் இதில் அடங்கும். ஆர்பிட்ரேஷனில் நடுவர் தீர்ப்பு சொல்வார், இரு தரப்பும் அதற்குக் கட்டுப்படணும். மீடியேஷனில், அதாவது சமரசத்தில், சமரசர் தீர்ப்பே சொல்ல மாட்டார். இரு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவுவார், அவ்வளவுதான்.

அப்போ இது ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதானே? இல்லை. பஞ்சாயத்தில் நாட்டாமை சொன்னால் சொன்னதுதான். இங்கே ஒத்துவரவில்லை என்றால் எழுந்து நீதிமன்றத்துக்கே போகலாம்.

இது எப்போது பாடமானது?

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள், கட்டாயமான நான்கு செய்முறைத் தாள்களில் ஒன்றாக ஏ.டி.ஆரை வைத்தன. 2020-ல் மீடியேஷனும் கட்டாயப் பாடம் என்று பார் கவுன்சில் அறிவித்தது. இந்த விதிகள் தமிழ்நாட்டு சட்டக் கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

இந்தக் கதையில் சேலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வழக்குகளை சமரசத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். நீதிமன்றம் திருத்தங்களை ஏற்றுக்கொண்டதோடு, சமரசத்துக்கான மாதிரி விதிகள் உருவாகவும் அந்த வழக்கே வழிசெய்தது. 2005-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் அதுதான். அதைத் தொடங்குவதில் முன்நின்ற மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு, 2019-ல் அயோத்தி வழக்குக்கு அமைத்த மூவர் சமரசக் குழுவிலும் இருந்தார். அந்த முயற்சி பலிக்கவில்லை என்பதையும் சொல்லியாகணும்.

வகுப்பில் என்ன சொல்லித் தருவாங்க?

சட்டப் பிரிவுகளைப் படித்து எழுதினால் தேர்வில் பாஸ் ஆகிடலாம். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் நடித்துப் பழகும் பயிற்சியில்தான் இருக்கு. உதாரணத்துக்கு, அண்ணன் தம்பிக்குள் ஒரு வண்டிப்பாதைத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாணவர்கள் சண்டைக்காரர்கள், ஒருவர் சமரசர். ‘பாதை எனக்குத்தான்’ என்று இருவருமே அடம்பிடிப்பார்கள். சமரசர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துப் பேசும்போதுதான் விஷயம் வெளியே வரும். அண்ணனுக்கு அறுவடைக் காலத்தில் டிராக்டர் போகணும், தம்பிக்கு தினமும் கிணற்று மோட்டாருக்குப் போய்வரணும். இரண்டுக்கும் ஒரே பாதை போதும்! கேட்பது வேறு, உண்மையில் தேவைப்படுவது வேறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் பாடம். எதிர் தரப்பின் ஓட்டையைத் தேடியே பழகிய சட்ட மாணவருக்கு, குறுக்கே பேசாமல் அரை மணி நேரம் கேட்பதே கஷ்டம்.

தனியே சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் மறு தரப்பிடம் சொல்லக்கூடாது. 2023-ல் வந்த மீடியேஷன் சட்டமும் இந்த ரகசியத்தைக் காக்கிறது. சமரசத்தில் பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. அதே சட்டம் 120 நாள் கெடுவும் வைக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம்.

வேலை கிடைக்குமா?

தேவை இருக்கு. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால், தாக்கல் செய்யும் முன்பே சமரசத்துக்குப் போயாகணும். இது கட்டாயம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையங்களும் வழக்குகளை சமரசத்துக்கு அனுப்பலாம்.

ஆனால் பட்டப் படிப்பில் ஒரு தாள் எழுதியதாலோ, ஆன்லைனில் பணம் கட்டி சான்றிதழ் வாங்கியதாலோ நீதிமன்ற சமரசர் பட்டியலில் பெயர் வந்துவிடாது. அதற்கு உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சி இருக்கு, தொழில் அனுபவமும் பார்ப்பாங்க. எனவே கல்லூரி முடித்ததும் முழுநேர சமரசர் ஆகலாம் என்று விளம்பரம் செய்யும் படிப்புக்குப் பணம் கட்டும் முன், நடித்துப் பழகும் பயிற்சி எத்தனை மணி நேரம், சொல்லித் தருபவர் எத்தனை சமரசங்களை நடத்தியிருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

சமரச அமர்வு ரகசியம் என்பதால் மாணவர்கள் உள்ளே போய்ப் பார்ப்பது எளிதல்ல. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் நடக்கும் நாளில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், பேசி முடிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று ஓரளவு நேரில் பார்க்கலாம்.