ஷியானில் இரண்டு நாள்

சீனாவின் ஷியானுக்குப் போகிறவர்கள் இறங்கியதும் களிமண் படையைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். 1974-ல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ணில் பட்ட அந்தப் படை ஊருக்குள் இல்லை. கிழக்கே சுமார் 40 கி.மீ. போய்வரவே ஒரு நாள் காலி. அதை இரண்டாம் நாளுக்கு வையுங்கள்.

முதல் நாள் நகர மதில்மேல் ஏறுங்கள். 1370-களில் மிங் ஆட்சியில் எழுப்பியது. சுற்றளவு ஏறக்குறைய 14 கி.மீ., உயரம் 12 மீட்டர். உள்ளே இடித்து இறுக்கிய மண், வெளியே செங்கல். நம்ம சிவில் பசங்களுக்கு லேபில் செய்த பிராக்டர் டெஸ்ட் ஞாபகம் வருமே, அதே சங்கதிதான்! மேலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். நிதானமாக மிதித்தால் இரண்டு மணி நேரம். தளம் கரடுமுரடு, முதுகு பத்திரம்! ஒரு சுற்று வந்தால் ஊரின் அமைப்பே புரிந்துவிடும்: நான்கு பெரிய வாசல்கள், அவற்றிலிருந்து வரும் சாலைகள் சேருமிடத்தில் 1384-ல் கட்டிய மணிக்கோபுரம். அப்புறம் வழி தவறுவது கஷ்டம்.

அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய தின விடுமுறை, எங்கும் தலைதான் தெரியும். படை மியூசியத்துக்கு முன்பதிவு பாஸ்போர்ட் எண்ணில்தான். அதை லாட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்பிடாதீங்க.