உடலும் ஒரு நெசவே

தேர்வுக் காலம் நெருங்கும்போது மாணவர் பலர் அஞ்சும் பாடங்களுள் ஒன்று மனித உடலைப் பற்றிய பாடமாகும். பெயர்கள் மிகுதி, படங்கள் மிகுதி, படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டுமே என்ற கவலை அவற்றினும் மிகுதி. இரவெல்லாம் உருப்போட்டு, காலையில் விடைத்தாளில் இறக்கி வைத்து, மாலையில் மறந்துவிடுகின்றனர். நம்மோடு பிறந்து, நம்மோடு வளர்ந்து, இறுதிவரை நம்மோடு வரும் உடலைப் பற்றிய அறிவு, இவ்வாறு அயலூர்ச் செய்தியைப்போல வந்து போய்விடலாமா?

வாலாஜாபாத்திலும், காஞ்சிபுரம் செல்லும் சாலையையொட்டிய சிற்றூர்களிலும் தறியின் ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அயலானதே அன்று. அவர்கள் வீட்டுத் தொழிலின் சொற்களைக் கொண்டே உலகம் இந்தக் கலையைக் கட்டியிருக்கிறது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை என்பதே குறை.

திசு என்றால் என்ன?

பத்தாம் வகுப்பில் பயிலும் நெசவாளர் மகன் ஒருவன், "திசு என்பது தமிழ்ச் சொல்லா, சாமி?" என்று நம்மிடம் ஒருமுறை கேட்டான். அது தமிழன்று. இலத்தீனில் 'தெக்சேரே' என்றால் நெய்தல். அதன் வழியில் பிரெஞ்சு மொழியில் 'திசு' என்றால் நெய்யப்பட்டது, அதாவது துணி. பிரான்சு நாட்டு மருத்துவர் பிஷா என்பவர், உடலின் உறுப்புகள் யாவும் சில வகைத் 'துணி'களால் ஆனவை என்று கண்டு, 1801ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இருபத்தொரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். நுண்ணோக்கியின் துணையின்றியே இதைச் செய்தார் என்பது வியப்புக்குரியது. மறு ஆண்டே, முப்பது வயதில் இறந்தும் போனார். திசுக்களைப் பற்றிய படிப்புக்கு மேனாட்டார் இட்ட பெயரும், தறியையும் துணியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'ஹிஸ்தோஸ்' என்பதிலிருந்து பிறந்ததே. இலங்கைத் தமிழர் இதனை 'இழையம்' என்று அழகுறத் தமிழாக்கினர். இழையிலிருந்து பிறந்தது இழையம்.

இப்போது பாடம் எளிதாகிவிடுகிறது. நூலிழை போன்றது செல். இழைகள் சேர்ந்த துணி போன்றது திசு. உடல், கரை, முந்தானை எனத் துணிகள் கூடிய சேலை போன்றது உறுப்பு. இன்று திசுக்களை நான்கு பெரும் பிரிவுகளாக வகுப்பர். மேற்பரப்பை மூடிக் காப்பது எபிதீலியத் திசு. உறுப்புகளைத் தாங்கிப் பிணைப்பது இணைப்புத் திசு. சுருங்கி விரிந்து இயக்குவது தசைத் திசு. செய்தி கொண்டுசெல்வது நரம்புத் திசு. இந்நான்கும் வெவ்வேறு அளவில் கூடியே இரைப்பையும் ஆகிறது, இதயமும் ஆகிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிற இழைகளால் நெய்யப்பட்டு, ஒன்றோடொன்று பின்னிக் கோக்கப்படும். சேலை கிழிந்தாலும் கோர்வை விட்டுப்போகாது என்று நெசவாளர் பெருமை பேசுவர். நம் உடலிலும் அத்தகைய கோர்வை உண்டு. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் இழைகள் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதில்லை; எலும்புக்குள்ளேயே ஊடுருவிச் சென்று ஊன்றிக்கொள்கின்றன. பளுத் தூக்குவோரின் தசை எலும்பை விட்டுக் கழன்று போகாதிருப்பதன் காரணம் இதுவே.

உடற்கூறியலின் தந்தை எனப் போற்றப்படும் வெசாலியுஸ், 1543ஆம் ஆண்டு இலத்தீனில் வெளியிட்ட பெருநூலின் பெயரில் 'பாப்ரிக்கா' என்ற சொல்லை அமைத்தார். கைவினைஞன் ஒருவன் திறம்பட அமைத்த பொருளைக் குறிக்கும் சொல் அது. 139ஆம் திருப்பாடலின் ஆசிரியர், தாயின் வயிற்றில் தம் உடல் உருவானதை வியக்குமிடத்தில் ஆளும் எபிரேயச் சொல் ஒன்று, பலவண்ண நூலால் வேலைப்பாடு செய்வதைக் குறிப்பது. மருத்துவரும் திருப்பாடல் ஆசிரியரும் ஒரே வியப்பில் வந்து நிற்பதைக் காண்கிறோம்.

தறிக்குழியில் ஒரு பாடம்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவரைக் கூர்ந்து நோக்கினால் பாதி உடலியங்கியலைக் கற்றுவிடலாம்.

நாடாவை வீசும் கையைப் பாருங்கள். மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை ஒரு கையில் இருபத்தேழு எலும்புகள் உள்ளன. வயதுவந்தோர் உடலில் மொத்தம் 206 எலும்புகள். அவற்றுள் நான்கிலொரு பங்குக்கு மேல் இரு கைகளிலேயே உள்ளன. ஆனால் விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை. இடக்கையால் வல முன்கையைப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முன்கைத் தசை அசைவது தெரியும். மேலே நின்று இழுக்கும் கயிற்றால் கீழே ஆடும் பொம்மையைப்போல, நீண்ட தசைநாண்களால் விரல்கள் இயங்குகின்றன. எனவேதான் நாளெல்லாம் நெய்பவருக்கு விரலை விட முன்கை மிகுதியாக வலிக்கிறது.

முதுகெலும்பை நோக்குவோம். அது நேரான கம்பம் அன்று. பக்கவாட்டில் நோக்கினால் மென்மையாக வளைந்து செல்வது. முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. முன்புறம் குனிந்தே நெடுநேரம் அமர்ந்தால் இடுப்புப் பகுதி வட்டுகளின் மீது விழும் அழுத்தம் மிகும். பரம்பரையாக வரும் முதுகுவலியை விதியென்று பொறுத்துக்கொள்ளும் நெசவாளர் பலர். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, இடுப்பில் கையூன்றிச் சற்றே பின்னோக்கி வளைவதற்குச் செலவேதும் இல்லை.

மிதிகட்டையை அழுத்தும் காலில் இன்னொரு விந்தை உண்டு. இதயம் செலுத்திய குருதி பாதம் வரை இறங்கிவிடுகிறது. அது மேலே ஏறி வருவது எப்படி? காலின் சிரைகளில் ஒருவழிக் கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் உள்ளன. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரை பிழியப்பட்டுக் குருதி மேலேறுகிறது. இதழ்கள் அதனைக் கீழிறங்க விடுவதில்லை. கெண்டைக்கால் இரண்டாம் இதயம் என்று மருத்துவர் சொல்வது இதனாலேயே. கால் அசையாது நெடுநேரம் நிற்பவருக்கும் அமர்பவருக்கும் பாதம் வீங்குவதன் காரணமும் இதிலிருந்து விளங்கும்.

முதல் இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவு குருதியைச் செலுத்துகிறது. உடலில் உள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ அவ்வளவே. நெய்பவர் அச்சை அடித்து ஊடையை நெருக்கும் ஒரு நிமிட நேரத்திற்குள் அவர் குருதி முழுவதும் உடலை ஒருமுறை வலம்வந்து விடுகிறது என்க.

கண்களையும் மறத்தல் ஆகாது. அருகிலுள்ள நுண்ணிழையைப் பார்க்கும்போது கண்ணின் உள்ளே ஒரு சிறு தசை சுருங்கியபடியே இருக்கிறது. தொலைவில் நோக்கும்போதுதான் அது தளர்கிறது. இடையிடையே தறியினின்று தலையெடுத்து வாசலுக்கு அப்பால் தெரியும் மரத்தைப் பார்ப்பது சோம்பல் ஆகாது; அது கண்ணுக்குத் தரும் ஓய்வு.

யாழ்ப்பாணம் காட்டிய வழி

இத்தகைய அறிவைத் தமிழில் பெற இயலுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அதற்கு விடை தந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்த அவர், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் தம் பணியை நிலைநாட்டி, நோயாளரைக் கவனித்ததோடு இளைஞர்க்கு மருத்துவமும் கற்பித்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் தமிழர் அனைவரும் நன்றியோடு நினைக்க வேண்டியவர்.

முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், ஊர் மக்களிடையே தங்கி உழைக்கும் மருத்துவர் வேண்டுமாயின் ஊர் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று தெளிந்தார். கல்விக்கூடங்களுக்கும் குடும்பங்களுக்கும் என அமெரிக்காவில் கட்டர் என்பவர் எழுதிய நூலை, 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் பெயரில் 1850களில் தமிழாக்கி வெளியிட்டார். அங்காதிபாதம் என்று அவர் வழங்கியது இன்றைய உடற்கூறியல். சுகரணம் என்றது உடலியங்கியல். உற்பாலனம் என்றது நலவாழ்வியல். 1864இல் தமிழிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். இலண்டனில் 1858இல் வெளிவந்து புகழ்பெற்ற கிரேயின் உடற்கூறியல் நூல், பதினான்கே ஆண்டுகளில், 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழில் வந்தது.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் வகுத்த முறையும் எளிது. தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுக. இல்லையேல் வடமொழியில் தேடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுக என்பதே அது. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழப் பாதியினர் தமிழிலேயே பயின்றவர்கள். 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அங்கிருந்தே தமிழ்நூல் பணியைத் தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ நற்செய்திப் பணியாளர் என்னும் பொருள்படும் சொற்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன.

அவர் சென்றபின் அம்முயற்சி தளர்ந்தது. அரசு வேலைக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. நூல்கள் இருந்தும் அவற்றைப் பயில்வார் அருகினர். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு, தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் முயற்சியால், கிரேயின் பெயர் தாங்கிய மாணவர் நூல் முதலான மருத்துவ நூல்கள் தமிழில் வெளிவந்தன. விட்ட இழையை மீண்டும் எடுத்துப் பிணைக்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. நூல் வெளிவருவதால் மட்டும் பயன் விளையாது, அதைத் தம்முடையதாகக் கொள்ளும் மக்களும் வேண்டும் என்பதே யாழ்ப்பாண வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆய்வும் இறைப்பற்றும்

உடலை ஆராய்வது இறைப்பற்றுக்கு மாறானது என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். டென்மார்க்கில் 1638இல் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்கு வரும் நாளத்தை 1660இல் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உயிரின் உறைவிடமென்று மக்கள் மயங்கிய இதயம் ஒரு தசையே என்று நிறுவியவரும் அவரே. அவர் 1667இல் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவி, பின்னர்க் குருவாகி, 1677இல் ஆயரானார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். கத்தி பிடித்து இதயத்தை ஆராய்ந்த கையே பின்னர் அப்பத்தை உயர்த்திப் பிடித்தது.

அறியாமையின் விலை

இவை தேர்வுக்கு மட்டும் உரியன என்று எண்ணிவிடலாகாது. நடுமார்பில் அழுத்தமும் வியர்வையும் தோன்றி, வலி இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவும்போது, "வாய்வுதான், இஞ்சிக் கஷாயம் குடித்தால் போகும்" என்று காலம் கடத்திய இல்லங்களில் நாம் அடக்கச் சடங்கு நடத்தியிருக்கிறோம். இதயத் தசைக்கே குருதி கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவதால் வரும் வலி அது. குருதி பெறாத தசை நிமிடந்தோறும் இறந்துகொண்டிருக்கும் என்பதை அவ்வீட்டில் ஒருவரேனும் அறிந்திருந்தால், கஷாயத்துக்கு அடுப்பு மூட்டும் முன் 108க்கு அழைத்திருப்பர்.

வாய் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை வலுவிழந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது மூளைக்கு வந்த ஆபத்து. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன் உண்டு. விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

பெண்பிள்ளைகளின் நிலையையும் எண்ணுக. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். சிவப்பணுவில் உள்ள இரும்புச்சத்துதான் மூச்சுக்காற்றின் உயிர்வளியைச் சுமந்து செல்வது. மாதந்தோறும் குருதியோடு அதுவும் வெளியேறுகிறது. இதனை அறியாத வீட்டார் சோர்ந்து படுக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கின்றனர். முருங்கைக்கீரையும், கேழ்வரகும், பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் எதற்கென்று தாய்மார் வெட்கமின்றி மகளிடம் பேச வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம்

அருமைப் பெற்றோரே, பிள்ளைகளின் அறிவியல் நூலை மதிப்பெண் வருமா என்று மட்டும் புரட்டிப் பாராதீர்கள். இரவு உணவுக்குப்பின் ஒரு பாகத்தைக் கேளுங்கள்: கல்லீரல் எப்பக்கம் உள்ளது? சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டியும் ஒன்றரை லிட்டரே வெளியேறுவது ஏன்? பிள்ளை தன் சொந்தத் தமிழில், பாட்டிக்கும் விளங்குமாறு சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் நாளை ஆசிரியரைக் கேட்டு வரட்டும். உருப்போட்டது மறந்துபோகும், பாட்டிக்குச் சொல்லி விளக்கியது மறக்காது. அந்தப் பாட்டிக்கு ஒருநாள் நள்ளிரவில் மார்பு வலிக்குமானால், வீட்டில் முதலில் விழித்தெழுந்து செயல்படப்போவது அந்தப் பிள்ளையே.