அரைமண்டியில் நின்ற பொம்மை

எங்கள் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றாள். ஆறு வயதிலிருந்து அவளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி. திருமுல்கேரி வீட்டில் அதன்பின் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு குறைந்துபோனது.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். தேர்வுக்காக ஒரு பரதநாட்டியப் பெண்ணைக் கம்ப்யூட்டரில் செய்திருந்தாள். நேராக நிற்கும்வரை லட்சணமாக இருந்த பெண், அரைமண்டியில் உட்கார்ந்ததும் இடுப்பு நசுங்கி, அடிவயிறு தொடையோடு இழுபட்டு, பிழிந்த துணிபோல ஆகிவிட்டாள்.

காரணத்தை அவளே சொன்னாள். நம் ஊர்த் தோற்பாவையிலும் இங்குள்ள தோலு பொம்மலாட்டத்திலும் கை வேறு, கால் வேறு. மூட்டில் கயிறு போட்டு முடிந்திருப்பார்கள். ஆகவே மடக்கினால் தோல் கசங்காது. கம்ப்யூட்டர் உருவமோ ஒரே தோல். ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆனது. உள்ளே எலும்புகள். ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பின் சொல்லை எவ்வளவு கேட்க வேண்டும் என்று பங்கு பிரித்து வைப்பதற்குத்தான் 'வெயிட் மேப்பிங்' என்று பெயர். ஒரு புள்ளியின் பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். நடுத்தொடைப் புள்ளிக்குத் தொடை எலும்பே முழுதும், அதாவது 1. முழங்காலில் தொடைக்குப் பாதி, கீழ்க்காலுக்குப் பாதி. இரண்டு எலும்பும் அந்தப் புள்ளியை எங்கே கொண்டுபோகும் என்று பார்த்து, பங்குப்படி சராசரி போடுகிறது கம்ப்யூட்டர். இந்தச் சராசரியில்தான் வம்பு. முன்கையை அரைவட்டம் முறுக்கினால் நடுவில் மிட்டாய்க் காகிதம்போல ஒடுங்கிவிடுமாம்!

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் இந்தப் பங்கை வண்ணமாகவே பூசலாம். சிவப்பு என்றால் முழுப் பங்கு, நீலம் என்றால் ஒன்றுமில்லை, பச்சை நடுவாந்தரம். மென்பொருள் தானாகப் போட்டுக் கொடுத்த பங்கீட்டில் தொடை எலும்பின் பச்சை அடிவயிறு வரை ஏறியிருந்தது.

2014-ல் வந்த 'கோச்சடையா'னைப் பொம்மைப் படம் என்று கேலி செய்தவன் நான். நடிகரின் அசைவைப் பதிவு செய்து எலும்பில் ஏற்றினால் மட்டும் போதாது, தோலும் அதன்படி நடக்க வேண்டும் என்பது அன்றுதான் புரிந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு என் மனைவியும் வந்துவிட்டாள். திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இதுவா அரைமண்டி?"

"அம்மா, ஒரு நிமிஷம் நின்னு காட்டேன்."

ஐம்பத்திரண்டு வயதில் புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். "தொடை இடுப்பு மூட்டிலேருந்து திரும்பணும். வயிறு அசையவே கூடாது. இங்கே தொட்டுப் பாரு." மகள் தாயின் இடுப்பில் கை வைத்து, எங்கே தோல் இழுபடுகிறது, எங்கே சும்மா இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அடிவயிற்றை நீலமாக்கினாள். பின்புறத்தில் பச்சையைப் பரப்பினாள். மறுபடி நிற்கச் சொன்னாள். மறுபடியும்.

ஒரு மணிக்கு அந்தப் பெண் ஒருவாறு உட்கார்ந்தாள். தொடை மடிப்பு மட்டும் சரிவரவில்லை. அதற்கு அந்த நிலைக்கென்றே தனியாக ஒரு வடிவம் செதுக்கிச் சேர்க்க வேண்டுமாம். "முழங்கால் இன்னும் வெளியே போகணும்" என்று என் மனைவி திரையிலிருந்த பெண்ணை அதட்டினாள்.

மறுநாள் அவளுக்கு எழுந்து நடக்க முடியவில்லை. மகள்தான் தைலம் தேய்த்துவிட்டாள்.