பழைய வண்டியா? பவுனா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் போனஸ் போட்டால், அரைப் பவுனாவது எடுக்கணும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் சில வீடுகளில் இப்போது வேறு பேச்சு நடக்கிறது. "பழைய ஆர்.எக்ஸ்.100 வண்டிக்கு நல்ல கிராக்கி. உன் செயினைக் குடு, அடகு வச்சு வண்டி வாங்குறேன். வித்து மீட்டுத் தரேன்." கொடுக்கலாமா? சேர்ந்து யோசிப்போம்.

கிராக்கி இருப்பது உண்மைதான். யமஹா ஆர்.எக்ஸ்.100 1985-ல் வந்தது, 1996-ல் தயாரிப்பு நின்றது. மைசூரில் தயாரான பழைய எஸ்டியும் 1996-லேயே நின்றுவிட்டது. அதனால் ஆசைப்பட்டு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஆள் என்றைக்கு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நகையை வைத்து 60,000 ரூபாய்க்கு வண்டி. இன்ஜின், பெயிண்ட் வேலை 15,000. வட்டி 12 சதவீதம் என்றால் இரண்டு வருஷத்துக்கு 14,400. மொத்தம் 89,400. வண்டியை 85,000-க்கு விற்றால் பார்ப்பவர்களுக்கு 25,000 லாபம் மாதிரி தெரியும். உண்மையில் 4,400 நஷ்டம். இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு தனி. தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும்.

"விண்டேஜ் நம்பர் வாங்கினா விலை ஏறும்" என்றும் சொல்வார்கள். 2021 விதிப்படி அதற்கு வண்டி 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக் கட்டணமே 20,000 ரூபாய். ஆர்.எக்ஸ்.100-க்கு இன்னும் அந்த வயசு ஆகவில்லை.

தங்கத்தின் பலம் வேறு. பிள்ளைக்கு ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் காலையில் வங்கிக்குப் போய் மதியம் பணத்தோடு வரலாம். தங்கமும் இறங்கும், 2013-ல் நன்றாகவே இறங்கியது. ஆனால் அதற்கு ஆள் தேட வேண்டியதில்லை.

வீட்டில் பழைய வண்டி சும்மா நிற்கிறதா? அதை விற்றுப் பவுன் எடுப்பது நல்ல யோசனை. மூன்றை மட்டும் மறக்காதீர்கள்:

1. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி. பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள். மாறாவிட்டால், நாளைக்கு விபத்து நடந்தால் கேள்வி உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

2. நகையில் 916 முத்திரையும் ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணும் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் கடைக்காரர் நகை விற்கக் கூடாது.

3. செய்கூலி, சேதாரம் குறைவான நகையாக எடுங்கள். விற்கும்போது அந்தப் பணம் திரும்பாது.

வண்டி வியாபாரம் தப்பில்லை. தொழில் தெரிந்தவர் தன் சேமிப்பில் செய்யட்டும். நம் தாய்வீட்டு நகை சட்டப்படி நம்முடையது. கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவும் நம்முடையதே. அவசரப்பட்டுக் கழற்றாமல், முதலில் குழுவில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.