கோவை வழியே போகும் வட்டத்துக்கு ஆரம் எவ்வளவு?

கோவையின் ஆர்.எஸ்.புரம் இருப்பது ஏறத்தாழ 11 டிகிரி வடக்கு அட்சரேகையில். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், உலகைச் சுற்றிவிட்டு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கமாகத் திரும்பி வரலாம். சுற்று சுமார் 39,300 கி.மீ. இந்த வட்டத்தின் ஆரம் என்ன?

பள்ளிக்கூடக் கணக்குப்படி சுற்றளவை 2π-ஆல் வகுத்தால் சுமார் 6,250 கி.மீ. ஆனால் அந்த ஆரம் முடியும் இடம் பூமிக்கு உள்ளே, அச்சின் மேல் இருக்கிறது. தரையை விட்டு இறங்க மாட்டேன் என்பவருக்கு வட்டத்தின் மையம் வட துருவம்தான். அங்கிருந்து தரையோடு நூல் பிடித்தால் கோவைக்குச் சுமார் 8,780 கி.மீ. வருகிறது. வட்டத்துக்குள் அடங்கிய பரப்பளவை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டாலோ, சுமார் 8,100!

மூன்றும் சரிதான். தட்டைக் காகிதத்தில் மூன்றும் ஒரே எண்ணாக இருந்துவிடுவதால் ஆரம் என்றால் ஒன்றுதான் என்று பழகிவிட்டோம். வளைந்த பரப்பில் அவை பிரிகின்றன. எவ்வளவு பிரிகின்றனவோ அவ்வளவு வளைவு. பரப்பை விட்டு வெளியே போகாமலே, அதன் மேல் அளந்தே வளைவைக் கண்டுபிடிக்கலாம் என்று 1827-ல் கணிதவியலாளர் காஸ் நிறுவினார். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். வெளியே போய்ப் பார்க்க வழியே இல்லாத அண்டவெளிக்கும் இதே உத்திதான் கை கொடுக்கிறது.

நிறை, வெளியை வளைக்கும் என்றது 1915-ல் வந்த ஐன்ஸ்டைனின் கோட்பாடு. அதன்படி பூமியின் மையம் வரை அளவுகோல் வைத்து அளந்தால், மேற்பரப்பளவிலிருந்து கணக்கிடும் ஆரத்தைவிடச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக வரும். சூரியனுக்கு இது ஏறக்குறைய அரை கிலோமீட்டர்.

கருந்துளையில் விவகாரம் முற்றுகிறது. சூரியனளவு நிறையுள்ள கருந்துளையின் ஆரம் 3 கி.மீ. என்று புத்தகங்கள் சொல்லும். விளிம்பிலிருந்து மையத்துக்கு 3 கி.மீ. தூரம் என்று அதற்குப் பொருளல்ல. விளிம்பின் சுற்றளவு சுமார் 18.5 கி.மீ., அதை 2π-ஆல் வகுத்தால் வருவது இது, அவ்வளவுதான். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு 1916-ல் இயற்பியலாளர் ஷ்வார்ஸ்சில்ட் தந்த தீர்வை இன்று எழுதும் முறையில், ஆரம் என்று குறிப்பது இந்தச் சுற்றளவு ஆரத்தையே. மையம் வரை நூல் பிடிக்க முடியாது. விளிம்பைத் தாண்டிய பிறகு ஆரம் என்ற அந்த எண் தூரத்தைப் போல அல்ல, காலத்தைப் போல நடந்துகொள்கிறது. மையம் என்பது உள்ளே விழுந்தவருக்கு ஓர் இடமாக இராது, வரப்போகும் கணமாக இருக்கும்.

2019-ல் வெளியான, எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்திலோ இன்னோர் ஆரம் இருக்கிறது. ஒளி வளைந்து வருவதால், கருந்துளையின் நிழல் அதன் விளிம்பைப் போல ஏறத்தாழ 2.6 மடங்கு பெரிதாகத் தெரியும்.