ஓடும்போதே மோட்டார் சைக்கிள் நிற்கிறதா? டேங்க் மூடியை பாருங்க!

சிவகாசி:-

டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும். பிளக்கும் நல்லா இருக்கும். ஆனால் கிளம்பி சில கிலோ மீட்டர் போனதும் வண்டி திணறி நின்று விடும். கொஞ்ச நேரம் ஓரம் கட்டிவிட்டு உதைத்தால் மறுபடி ஓடும். திரும்பவும் நிற்கும்.

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சக வேலைக்கு பழைய வண்டியில் போய் வருபவர்களுக்கு இது பெரிய தொல்லை. நேரத்துக்கு போகாவிட்டால் அன்றைய கூலிக்கே வேட்டு.

இதற்காக முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். ஆனால் கோளாறு டேங்க் மூடியில் இருக்கலாம்.

எண்ணெய் டின் கணக்கு

விருதுநகர் எண்ணெய் கடைகளில் பார்த்திருப்பீர்கள். டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டுத்தான் கொட்டும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் காற்று உள்ளே போய், எண்ணெய் சீராக இறங்கும்.

பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்கு காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் சிறு துவாரம் இருக்கிறது. தூசி, துரு அதை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக காற்று கசிந்து உள்ளே போகும். அதனால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மழைக்கு பயந்து மூடிக்கு அடியில் பாலிதீன் பேப்பர் வைத்தாலும் இதே கதிதான்.

கண்டுபிடிப்பது எப்படி?

வண்டி நின்றதும் மூடியை திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் மூடிதான் காரணம். சத்தமே இல்லை என்றால் பெட்ரோல் டியூப், கார்புரேட்டரை பார்க்கலாம். மூடியை திறந்து வைத்தபடி மட்டும் ஓட்டக்கூடாது.

சுத்தம் செய்யும் முறை

என்ஜின் ஆறிய பிறகு மூடியை தனியாக எடுத்து, டேங்க் வாயை சுத்தமான துணியால் மூடுங்கள். பழைய டூத் பிரஷ்சில் சிறிது பெட்ரோல் தொட்டு துவாரத்தை தேய்த்து, பஞ்சர் கடை காற்றை லேசாக அடித்தால் அழுக்கு போய்விடும். ஊசி, கம்பி விட்டு குத்தாதீர்கள். உள்ளே உள்ள ரப்பர், வால்வு கெட்டு விடும். நன்றாக காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

2017-ம் ஆண்டு ஏப்ரலுக்கு பிறகு வந்த பி.எஸ்.4, 2020-ல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியை பிடிக்க கரி நிரப்பிய டப்பாவும் குழாயும் உண்டு. அந்த வண்டிகளை ஒர்க்ஷாப்பில் காட்டுவதே நல்லது.

தீ ஜாக்கிரதை

பெட்ரோல் ஆவி காற்றை விட கனமானது. தரையோடு பரவி, தள்ளி இருக்கும் நெருப்பிலும் பற்றும். ஆலை வாசலிலோ, மருந்து படிந்த வேலை உடுப்போடோ இந்த வேலையை செய்யவே கூடாது. 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் பலியானதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றி, கை கழுவி, அடுப்பும் பீடியும் இல்லாத வெட்ட வெளியில் பகல் நேரத்தில் செய்யுங்கள்.